அத்தைகிட்ட சொல்லாதே

ஓஸ்திக்காரிக்கு மூக்கு நீளம் என்று கன்னியர் மடத்தில் ஒரு பேச்சு உண்டு. இரும்புத் தட்டுக்கு நடுவே மாவு கருகுவதற்கு அரை நிமிடம் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். அதே மூக்கு வீட்டிலும் சும்மா இருக்காது. வேலை முடிந்து வந்ததும் மகளை இழுத்துக் கழுத்தோரம் மோந்து பார்ப்பாள். சோப்பு வாசனை வந்தால் சரி. நாத்தனாரின் தையல் மெஷின் எண்ணெய் வாசனை வந்தால் அன்று பூரா பாத்திரங்கள்தான் பேசும்.

பூசையில் கொடுக்கிற மெல்லிய வெள்ளை வட்டத்தைத்தான் ஓஸ்தி என்பார்கள். கோதுமை மாவும் தண்ணீரும், அவ்வளவுதான். உப்புகூடக் கிடையாது. சுட்ட தகடு அப்பளம் மாதிரி நொறுங்கும் என்பதால், ஒரு நாள் ஈரக் காற்றில் வைத்துப் பதப்படுத்தி, பிறகு வட்ட வட்டமாக வெட்ட வேண்டும். பதினாறு வருடமாக அவள் செய்துவந்த வேலை அது. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயிலில் யார் நாக்கை நீட்டினாலும் அதில் விழுவது அவள் கைப்பாடுதான். பீடத்தில் குருவானவர் வார்த்தை சொல்லும்வரை அது வெறும் மாவு. சொன்ன பிறகு நற்கருணை, ஆண்டவர். அதற்குப் பின் அவளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மகளுக்குப் பதினொரு வயது. ஞானஸ்நானத்தில் வைத்த பேர் வேறு. தெருவே கூப்பிடுவது தும்பி என்று. சந்தோஷம் வந்தால் இரண்டு கையையும் சிறகு மாதிரி அடித்துக்கொள்வாள். டவுன் சிண்ட்ரோம் என்ற சொல்லை ஓஸ்திக்காரி முதலில் கேட்டது, பிள்ளை வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா குரலைத் தாழ்த்தி, “இன்னும் நேரம் இருக்கு. வீட்டுல பேசி முடிவு பண்ணுங்க” என்றார். வீட்டில் பேசியது ஒரே வாக்கியம். பஸ் ஓட்டுகிற கணவன் ஷூவைக் கழற்றிக்கொண்டே, “கொடுத்தவர் கேக்காம நாம எப்படித் திருப்பித் தர்றது?” என்றான். பக்கத்து அறையில் இருந்த அவன் தங்கைக்கும் அது கேட்டது. மறுநாள் காலையில் மேசைமேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு சட்டை இருந்தது. வெள்ளைத் துணி, நெஞ்சில் ஒரே ஒரு பொத்தான்.

முதல் பொறாமை அன்றைக்கே முளைத்தது. பிள்ளையின் முதல் சட்டையைப் பெற்றவளல்லவா தைத்திருக்க வேண்டும்?

கோயிலில் அவளுக்கு ஆறுதல் சொல்கிறவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி, “தாங்குறவங்களுக்குத்தான் ஆண்டவர் சிலுவையைக் கொடுப்பார்” என்று முதுகைத் தடவும். இன்னொரு கட்சி, “உன் வீட்டுல ஒரு சம்மனசே நடமாடுது” என்று வானதூதராக்கித் தும்பியின் கன்னத்தைக் கிள்ளும். ஓஸ்திக்காரி பல் பதிந்த தன் முழங்கையைத் தூக்கிக் காட்டி, “சம்மனசு கடிக்குமா?” என்பாள். இரண்டு கட்சியும் கலைந்துவிடும்.

காலை ஏழு மணிக்கு மடத்துக்குப் போனால் நாலு மணிக்குத்தான் வருவாள். தும்பியின் சிறப்புப் பள்ளி ஒரு மணிக்கே முடிந்துவிடும். இடையில் மூன்று மணி நேரம் பிள்ளை அத்தைக்குச் சொந்தம். கல்யாணப் பேச்சு தள்ளிப்போய்த் தள்ளிப்போய் அதுவே களைத்து நின்றுவிட்ட நாத்தனார், அந்த மூன்று மணி நேரத்தில் மெஷினை மூடி வைத்துவிட்டுப் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்துவிடுவாள். ஷூ நாடா கட்டச் சொல்லிக்கொடுத்தாள். சிலுவை போடச் சொல்லிக்கொடுத்தாள். “அண்ணி, இன்னைக்கு பட்டனைத் தானே போட்டுட்டா!” என்று அவள் வாசலிலேயே சொல்லும்போது, ஓஸ்திக்காரிக்குச் சந்தோஷம் தொண்டைவரை வந்து அங்கேயே முள்ளாக நிற்கும்.

அவளிடம் இருந்தது ஒரே ஆயுதம். ஓஸ்தி வெட்டிய பிறகு மிஞ்சும் தகடு. வரிசை வரிசையாக வட்ட ஓட்டைகள், நடுவில் நூல்போல ஓரங்கள். மடத்தில் கோழிக்குப் போடுவார்கள். அவள் தினமும் ஒரு காகிதப் பை நிறையக் கொண்டுவருவாள். தும்பி அதைக் கண்ணில் வைத்து ஓட்டைகள் வழியாக அம்மாவைப் பார்ப்பாள், பிறகு உலகத்தையே கடிப்பதுபோல் கடிப்பாள். நாலு மணிக்குப் பிள்ளை கேட்டில் நின்று கையை அடித்துக்கொள்வது தெருமுனையிலிருந்தே தெரியும். ஒரு நாளில் ஓஸ்திக்காரி உயிரோடு இருந்தது அந்த அரை நிமிடந்தான்.

அந்த வருடம் தும்பிக்கும் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்துவிட வேண்டும் என்று வீடே முடிவு செய்தது. அவள் வயதுப் பிள்ளைகள் எப்போதோ வாங்கிவிட்டார்கள். மற்றவர்கள் நற்கருணை வாங்கப் போகும்போது அவள் மட்டும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து கையை நீட்டி நீட்டிப் பார்ப்பாள். பங்குத்தந்தை ஆறு வாரம் முன்பே அம்மா, அத்தை, பிள்ளை மூவரையும் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்.

“பெரிய பெரிய கேள்வியெல்லாம் கேக்க மாட்டேன்” என்றார். “வீட்டுல தின்கிறதும் அங்க வாங்குறதும் ஒண்ணு இல்லன்னு இவளுக்குத் தெரிஞ்சா போதும். வாயால சொல்லணும்னுகூட இல்ல. அமைதியா நின்னு வாங்கினாலே எனக்குப் புரிஞ்சிடும்.” டப்பாவைத் திறந்து, மந்திரிக்காத ஓஸ்தி ஒன்றை எடுத்துக் காட்டினார். “தும்பி, இது என்னம்மா?”

“அம்மா” என்றாள் தும்பி. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஓட்டை எங்க?” என்று கேட்டுவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

ஃபாதர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, “வீட்டுல இதைத் தின்கிறாளா?” என்றார்.

“எப்பவாவது, ஃபாதர்.”

“தினமும், ஃபாதர்” என்றாள் நாத்தனார்.

ஓஸ்திக்காரியின் காது மடல் சூடானது.

“கொஞ்ச நாளைக்கு நிறுத்திப் பாருங்க” என்றார் ஃபாதர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். “எல்லாரும் இவளைச் சம்மனசுங்கறாங்க. சம்மனசுக்கு நற்கருணை தேவையில்லம்மா. மனுசங்களுக்குத்தான் தேவை. இவ மனுசி. கேட்டு வாங்கிக்கற உரிமை இவளுக்கு இருக்கு.”

அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்திருந்தது. நிறுத்தச் சொன்னதுதான் பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து நாத்தனார் மாலையில் தும்பியைக் காலிக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். நற்கருணையை வைத்துப் பூட்டும் பேழை முன்னால், சிவப்பு விளக்குக்கு நேராக இருவரும் உட்காருவார்கள். முதல் நாள் ஒரு நிமிடம், அடுத்த நாள் இரண்டு. கதவோரம் நின்று ஒரு முறை ஓஸ்திக்காரி பார்த்தாள். தன்னிடம் ஒரு நொடி நிற்காத பிள்ளை, அத்தையின் தோளில் தோள் உரச, வாயை மூடிக்கொண்டு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு முதுகும் ஒரே சாய்வில் இருந்தன.

மறுநாளும் அவள் பையைக் கொண்டுவந்தாள். கேட்டில் காட்டவில்லை. வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்கருகே பிள்ளையைக் கூப்பிட்டு, ஒரு துண்டை அவள் கைக்குள் பொத்தி, “அத்தைகிட்ட சொல்லாதே” என்றாள். தும்பி கண்ணை உருட்டி, உதட்டில் விரலை வைத்துக்கொண்டாள். அம்மாவும் மகளும் மட்டும் இருக்கிற ஒரு இடம் கிடைத்துவிட்டது. நாலு வாரம் அது தொடர்ந்தது. ‘துண்டுதானே, அது என்ன செய்துவிடும்’ என்று ஓஸ்திக்காரி தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். துணியில் ஒட்டும் மாவுத் தூளைத் தையல்காரி கண்ணிலிருந்து மறைக்க முடியுமா என்று அவள் யோசிக்கவில்லை.

ஒன்பது நாள் இருக்கும்போது ஒத்திகை வைத்தார்கள். மந்திரிக்காத ஓஸ்திதான். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். தும்பி கையைக் குவித்து, தலையைக் குனிந்து, நாத்தனார் சொல்லிக்கொடுத்தது ஒன்றுகூடப் பிசகாமல் வந்தாள். “ஆமென்” என்று கோயில் முழுக்கக் கேட்கச் சொன்னாள். கையில் வாங்கினாள். வாயில் போடவில்லை. சட்டென்று பொத்திக்கொண்டு, பக்கத்தில் நின்ற அத்தையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, வரிசையை உடைத்து ஓடிவந்தாள். முன்பெஞ்சில் இருந்த அம்மாவின் மடியில் கையைத் திணித்து, உதட்டில் விரலை வைத்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு கத்தினாள்: “அத்தைகிட்ட சொல்லாதே!”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஓஸ்திக்காரியின் மடியில் அவளே வெட்டிய வட்டம் இரண்டாக உடைந்து கிடந்தது. நற்கருணையை வாயில் போடாமல் கொண்டுபோவதைவிடப் பெரிய தப்பு கிடையாது என்பது அங்கிருந்த எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

“அடுத்த வருஷம் பாக்கலாமா?” என்று ஃபாதர் தணிந்த குரலில் கேட்டார். நாத்தனார்தான், “ஒன்பது நாள் இருக்கு ஃபாதர்” என்று கெஞ்சி அவகாசம் வாங்கிவந்தாள்.

வழியில் ஓஸ்திக்காரி வெடித்தாள். “உனக்குத் தெரியும்ல? தெரிஞ்சும் சொல்லல. ஊர் முன்னாடி என் மானம் போகட்டும்னு காத்துக்கிட்டு இருந்தியா?”

“காலர்ல தூள் பாத்தேன் அண்ணி. தட்டி விட்டேன். சொன்னா நீங்க கேட்டுடுவீங்களாக்கும்!”

“பட்டன் நீ, ஷூ நீ, சிலுவை நீ, இப்ப சாமியும் நீ. எனக்குன்னு என்ன இருக்கு?”

நாத்தனார் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். “உங்களுக்கு என்ன இருக்கா? மூணே முக்காலுக்கெல்லாம் எந்திரிச்சிடறா. கதையைப் பாதியில விட்டுட்டு கேட்டுக்கு ஓடறா. எனக்காக ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாசல்ல நின்னிருப்பாளா? கூடவே கிடக்கிறவளுக்கு யாரு காத்திருப்பா?”

“அவ எனக்கா நிக்கறா? பைக்கு நிக்கறா.”

“அப்ப பை இல்லாம வந்து பாருங்க.”

அது சவால் இல்லை, சாபமும் இல்லை. ஓஸ்திக்காரி பதினொரு வருடமாகத் தெரிந்துகொள்ளாமல் தள்ளிப்போட்டுவந்த கேள்வி அது.

மறுநாள் தகடுகளை மடத்துக் கோழிகளுக்கே கொட்டினாள். நாலு மணிக்கு வெறும் கையோடு தெருமுனை திரும்பினாள். தும்பி கையை அடித்துக்கொண்டு ஓடிவந்து பையைத் துழாவினாள், அம்மாவின் இடுப்பைத் துழாவினாள், உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தாள். “ஓட்டை?” “இல்லடா. இனிமே இல்ல.” தும்பி தெருவில் உட்கார்ந்து அலறினாள். இரண்டாம் நாள் கடித்தாள். மூன்றாம் நாள் பையை மட்டும் பார்த்துவிட்டு, “அம்மா கெட்ட” என்று திரும்பிப் போனாள். நான்காம் நாள் கேட்டில் யாருமில்லை. உள்ளே மெஷின் சத்தத்துக்கு நடுவே இரண்டு பேர் சிரிப்பது கேட்டது. ஐந்தாம் நாளும் கேட்டில் யாருமில்லை. ஓஸ்திக்காரி கேட்டைத் தானே திறந்து, தானே சாத்தினாள். கழுத்தை மோந்து பார்க்கவில்லை. எந்த வாசனை வரும் என்று தெரிந்ததுதானே.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம், குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்குவது. தும்பி உள்ளே போய்விட்டு வந்து, “அம்மாவைக் கடிச்சேன், சாமி பரவால்லன்னுட்டாரு!” என்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அறிவித்தாள். அடுத்து ஓஸ்திக்காரி போனாள். அவள் வெளியே வர நேரமாயிற்று. வந்ததும் நாத்தனாரிடம் போய், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நாளைக்கு நீயே கூட்டிட்டுப் போ. நான் முன்னாடி இருந்தா என்னைப் பாத்து ஓடி வந்துடுவா. நான் பின்னாடி தூணுக்குப் பக்கத்துல நின்னுக்கறேன்.”

“அண்ணி, பெத்தவங்கதான் கூட வரணும்.”

“தெரியும். அதான் சொல்றேன்ல? திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதே.”

ஞாயிற்றுக்கிழமை அவள் தூணுக்குப் பின்னால் நின்றாள். கணவன் முன்வரிசையில் இருந்தான். தும்பியின் வெள்ளைக் கவுனை நாத்தனார்தான் தைத்திருந்தாள். பின்பக்கத் தையல் அவ்வளவு நேர்த்தி, குறை சொல்ல ஓர் இழை கிடைக்கவில்லை. அந்த முதுகைத்தான் அவளால் பார்க்க முடிந்தது. பக்கத்தில் இன்னொரு முதுகு. குருவானவரின் கை உயர்ந்தது. “ஆமென்” என்று கேட்டது, இம்முறை மெதுவாக. குவிந்த கை மேலே போயிற்று, வெறுங்கையாய்க் கீழே வந்தது. யாரும் ஓடவில்லை. தும்பி திரும்பிப் பெஞ்சுக்கு வந்து, முகத்தை இரண்டு கையாலும் பொத்தி மண்டியிட்டாள். ஐந்து நிமிடம் அசையவில்லை. கையை ஒரு முறைகூட அடித்துக்கொள்ளவில்லை. இவ்வளவு அமைதியாக அவள் யாருடனும் இருந்ததில்லை. அம்மாவுடன் இல்லை, அத்தையுடனும் இல்லை. இத்தனை வருடம் நாத்தனாரோடு மல்லுக்கட்டிய பொறாமைக்கு இப்போது எதிரே நிற்பது யார் என்று ஓஸ்திக்காரிக்குப் புரிந்தது. அவரோடு மல்லுக்கட்ட முடியாது. அதற்காக வலிக்காமலும் இல்லை.

பூசை முடிந்து வாசலில் கூட்டம். கணவன் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு யாரிடமோ கைகொடுத்துக்கொண்டிருந்தான். ஓஸ்திக்காரி நாத்தனாரைத் தனியாக இழுத்தாள். கேட்கக் கூடாது என்று தூணுக்குப் பின்னாலேயே முடிவு செய்திருந்தாள்.

“வாங்கும்போது மூஞ்சி எப்படி இருந்துச்சு?”

நாத்தனார் அவளைப் பார்த்தாள். “பாக்கல அண்ணி.”

“பக்கத்துலதான நின்ன?”

“பயமா இருந்துச்சு. ஓடிடுவாளோன்னு கண்ணை இறுக்கி மூடிட்டேன். ஆமென்னு கேட்டதும்தான் திறந்தேன். அதுக்குள்ள குனிஞ்சிட்டா.”

ஓஸ்திக்காரி அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். மெய்யாகவும் இருக்கலாம். தனக்காக அந்த இடத்திலேயே தைத்துக் கொடுத்த பொய்யாகவும் இருக்கலாம். தையல் தெரியவில்லை. பொய்யென்றால், இப்படி ஒரு பொய்யை அவ்வளவு சீக்கிரம் சொல்லத் தெரிந்ததற்காகவும் அவள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.

“நல்லா முழிச்சிட்டு நின்ன போ” என்றாள். “ஃபாதர்கிட்டதான் கேக்கணும். வா.”

இருவரும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஃபாதரைத் தேடிப் போனார்கள். ஓஸ்திக்காரி இரண்டடி முன்னால் நடந்தாள்.