அம்மா இறங்காத கப்பல்

அந்தமானின் ஹட் பேயில் தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதில்லை. "கப்பல் வந்துருச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது விளங்கவே இல்லை. நான் யாரையும் எதிர்பார்த்து நிற்கவில்லையே, என்னிடம் போய் ஏன் கேட்கிறார்கள் என்று விழிப்பேன். இப்போது நானே நாலு பேரிடம் கேட்கிறேன். எல்லாம் கொத்தமல்லிக்காகத்தான். போர்ட் பிளேரிலிருந்து கப்பல் வந்த அன்று பஜாரில் தக்காளி, காலிஃபிளவர், கொத்தமல்லி எல்லாம் கிடைக்கும். மறுநாள் முட்டைக்கோஸ் மட்டும் மிஞ்சும். அப்புறம் அடுத்த கப்பல் வரும்வரை பூசணிக்காயே துணை. செய்தித்தாளும் கட்டாகத்தான் வரும். தேர்தலில் யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு, தோற்றவரின் பிரச்சாரப் பேச்சை நிதானமாகப் படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. மெயின்லேண்டில் இருக்கும் உங்களுக்கு அது கிடைக்காது.

நான் இங்கே அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். கப்பல் வரும் நாளில்தான் மருந்துப் பெட்டிகளும் வரும். நான் அவற்றை எண்ணி அடுக்கிவிட்டு வெளியே வருவதற்குள் கொத்தமல்லி தீர்ந்திருக்கும். இந்த ஏமாற்றத்துக்குப் பழகிவிட்டேன் என்று சொன்னால் பொய். ஒவ்வொரு தடவையும் கோபம் வருகிறது. அதற்கு ஈடாக வேலை முடிந்ததும் என் பழைய ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடலோரச் சாலையில் போவேன். ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும் என்பதால் கொஞ்சம் அவசரமான சுகம் அது. வழியில் ஒரு கடையில் நின்று தனியாக டீ குடிப்பேன். கரூரில் ஒரு பெண் டீக்கடை வாசலில் தனியாக நின்று டீ குடித்தால் அது வீட்டுக்கு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். இங்கே கடைக்காரர் சர்க்கரை போதுமா என்பதோடு விட்டுவிடுகிறார்.

இந்த வேலை கிடைத்தபோது வீட்டில் சந்தோஷப்பட்டது நான் ஒருத்திதான். அப்பா இல்லாத வீடு. அம்மா கரூரில் ஏற்றுமதிக்குப் போர்வையும் திரைச்சீலையும் தைக்கிற கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். துணியை விளக்குக்கு அடியில் விரித்து, விட்டுப்போன இழையையும் கோணல் தையலையும் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. வீட்டிலும் அந்தக் கண்ணை அவள் கழற்றி வைத்ததில்லை. அந்தமான் என்றதும் அவளுக்கு நினைவுக்கு வந்தது சுனாமி சமயத்தில் டிவியில் பார்த்த காட்சிகள். அது நடந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கு மட்டும் நேற்று நடந்தமாதிரி. மூன்று மாதம் சமாளித்து, அழுது, சண்டை போட்டு, கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம்.

"நானே வந்து பாக்கறேன். எனக்கு மனசு ஒப்புச்சுன்னா இரு. இல்லீன்னா கையோட கூட்டிட்டு வந்துபோடுவேன். அதுக்கப்புறம் பேசக்கூடாது" என்றாள். சரி என்று ஒப்புக்கொண்டேன். ராஜினாமா செய்தால் இந்த வேலை திரும்பக் கிடைக்காது. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். அம்மா கப்பலிலிருந்து இறங்கி, என் சின்னக் குவார்ட்டர்ஸையும் அதன் பின்னால் இருக்கும் நீலக் கடலையும் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், மீதியைக் கடல் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன். கடல் வேறு கணக்கு வைத்திருந்தது.

மருத்துவமனையின் இன்னொரு மருந்தாளுநர் லீவில் இருந்ததால் அம்மாவை எதிர்கொள்ள நான் போர்ட் பிளேர் போக முடியவில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருக்கும் கமலம் அக்கா, "என் தம்பி போர்ட் பிளேர் பக்கம் கராச்சர்மாவுல இருக்கான்ல, அவன் பாத்துக்குவான்" என்றார். கமலம் அக்கா எங்கள் மருத்துவமனையில் வார்டு உதவியாளர். அவருடைய அப்பா அம்மா இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, இங்கே எண்ணெய்ப்பனைத் தோட்ட வேலைக்கு வந்து சேர்ந்தவர்கள். சொன்னபடியே அந்தத் தம்பி அம்மாவை விமான நிலையத்தில் அழைத்து, வீட்டில் தங்கவைத்து, மறுநாள் சாயங்காலம் ஹட் பே கப்பலில் ஏற்றிவிட்டார். காலையில் இறங்க வேண்டியதுதான் பாக்கி.

காலையில் நான் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு, இங்கே ஜெட்டி என்று சொல்கிற கப்பல்துறையில் நின்றேன். முந்தின நாள் மழை. கடல் கறுத்துப் புரண்டுகொண்டிருந்தது. கப்பல் வந்தது. தூரத்தில் நின்றது. மேல்தளத்தில் சின்னச் சின்னதாய் ஆட்கள் தெரிந்தார்கள். ஏதோ ஒரு புடவை அம்மாவுடையது என்று நானே முடிவுசெய்து கையை ஆட்டினேன். கொஞ்ச நேரம் தள்ளாடிவிட்டு, ஒரு ஹாரன் அடித்துவிட்டு, கப்பல் தெற்கே திரும்பிப் போய்விட்டது.

என்னைச் சுற்றி நின்றவர்கள் குடையை மடக்கிக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பினார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் ஓடவில்லை. கூட வந்திருந்த கமலம் அக்காதான் சொன்னார்: "சமந்தர் கராபா இருக்கு பாப்பா, கடல் சரியில்ல. இப்புடி அலை அடிச்சா இங்க கட்ட மாட்டாங்க. நேரா கேம்பல் பே போயிட்டு, திரும்பி வர்றப்ப எறக்குவாங்க."

கேம்பல் பே என்பது கிரேட் நிக்கோபாரில் இருக்கிறது. இந்தியாவின் வரைபடத்தில் அதற்குக் கீழே அச்சடித்தவர்களின் பெயர்தான் இருக்கும். இதற்கு முன் கோயம்புத்தூரைத் தாண்டித் தனியாகப் போயிராத, ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாத என் அம்மா, அவள் டிவியில் பார்த்துப் பயந்த அதே கடலில் அங்கே போய்க்கொண்டிருந்தாள்.

ஜெட்டி கவுண்டரில் இருந்தவரிடம் ஓடினேன். என் அரைகுறை ஹிந்தியில், என் அம்மா கப்பலில் மாட்டிக்கொண்டாள், டிக்கெட் ஹட் பே வரைக்கும்தான் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் பெங்காலி, நல்ல மனிதர். முகமெல்லாம் கனிந்து, "கோயி பாத் நஹி, பேட்டி. எக்ஸ்ட்ரா டிக்கெட் நஹி லகேகா" என்றார். பரவாயில்லை மகளே, கூடுதல் டிக்கெட் வேண்டாம் என்கிறார். நான் டிக்கெட்டுக்காக அழுகிறேன் என்று நினைத்துவிட்டார். இல்லை, அம்மா என்றேன். ஆமாம், அம்மாவுக்கும் வேண்டாம் என்றார். இதற்கு மேல் அழ எனக்கு ஹிந்தி போதவில்லை.

திரும்பி வரும் வழியில் கமலம் அக்காவிடம் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். எப்படி உங்களுக்கெல்லாம் இவ்வளவு சாதாரணமாக இருக்கிறது என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆளு எங்கயும் காணாமப் போகல புள்ள, கப்பல்ல இருக்காங்க. கப்பல் எங்க போவும்? நம்ம ஆளுங்க இருக்க எடத்துக்குத்தான் போவும்" என்று சொல்லிவிட்டு போனை எடுத்தார். முன்பு எங்கள் மருத்துவமனையில் இருந்துவிட்டு மாற்றலாகிப் போன தமிழ் நர்ஸ் ஒருவர் கேம்பல் பேயில் இருந்தார். லைன் கிடைக்கப் பாதி நாள் ஆனது. அக்கா பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். மெயின்லேண்ட் அம்மா ஒருத்தர், பச்சைப் பை, ஹிந்தி தெரியாது, இறக்கி வைத்துக்கொள், திரும்பும் கப்பலில் ஏற்றிவிடு. அவ்வளவுதான். மாவுச்சல்லடையைக் கொடுத்தனுப்புவதற்குக்கூட இதைவிட அதிகம் பேசுவார்கள். இந்தத் தீவுகளில் ஆட்களும் சாமான்களும் இப்படித்தான் கைமாறிக் கைமாறிப் போய்ச் சேர்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த நாட்கள் எப்படிப் போயின என்று எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. அம்மாவுக்காகச் சொல்லிவைத்து வாங்கிய காலிஃபிளவர் வாடியது. ராஜினாமாக் கடிதத்தை மனதுக்குள் எழுதி முடித்தேன். இனி அவள் ஹட் பேயில் கால் வைக்கும் நிமிஷமே என் பெட்டியைக் கட்டச் சொல்லப் போகிறாள், அதில் சந்தேகமில்லை. நியாயமும் அவள் பக்கம்தான். டீக்கடைக்குப் போய் நின்றால் இதுதான் கடைசி டீயோ என்று தோன்றும். ஒரு மதியம் மருத்துவமனை போனில் அவள் குரல் வந்தது. "மழைங்கண்ணு. நான் நல்லாத்தான் இருக்கறேன். நீ சாப்புட்டியா?" என்றாள். பதில் சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது. அந்தக் குரலில் கோபம் இருந்ததா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

கப்பல் திரும்பி வந்த காலை கடல் சாதுவாக இருந்தது. ஏணியில் இறங்கிய கூட்டத்தில் நான் புடவைகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஊதா நிறத்தில் தொளதொளவென்று சல்வார் கமீஸ் போட்ட ஒரு அம்மாள் துப்பட்டாவை முந்தானைபோல இழுத்துச் செருகிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். வாசல் தெளிக்கக்கூட நைட்டியோடு போகாதே என்று என்னைத் திட்டி வளர்த்தவள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சீலையெல்லாம் நனைஞ்சு போச்சு. என்ன பாக்கற? இதுல சைடு தையல் பாரு, நேராவா இருக்குது?" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கேம்பல் பேயில் அந்த நர்ஸுக்கு இரவு டியூட்டி இருந்ததால், அம்மாவைப் பக்கத்து வீட்டு குர்மீத் என்ற பஞ்சாபி அம்மாளிடம் விட்டிருந்தாராம். பட்டாளத்தில் இருந்து வந்தவர்களுக்கு அரசு நிலம் கொடுத்துக் குடியேற்றிய ஊர் அது. குர்மீத்தும் அப்படிக் கணவரோடு, சின்ன வயதில் வந்தவர். "மூணு வேளையும் ரொட்டி. சோறு வேணும்னு கையில காட்டுனேன். பாலும் சக்கரையும் போட்டு ஆக்கிக் குடுத்துப்போட்டாங்க. வேண்டாங்கவா முடியும்?" என்றாள் அம்மா. அவர்களுடைய தென்னந்தோப்பு சுனாமியில் கடலுக்குள் போய்விட்டதாம். மேட்டில் மறுபடி வைத்திருக்கிறார்களாம். "இப்பத்தான் பாளை உடுது. என்னையக் கூட்டிட்டுப் போயி ஒவ்வொரு மரமாக் காட்டுனாங்க" என்றாள்.

அன்று சாயங்காலம், என் சமையலறையில் அரிசி களைந்துகொண்டே இன்னொன்றும் சொன்னாள். நர்ஸ் மொழிபெயர்த்துச் சொன்னதாம். குர்மீத் இங்கே வந்த முதல் வருஷம் முழுக்க அழுதாராம். தன் அம்மாவுக்கு எழுதிக்கொண்டே இருந்தாராம். "அவங்கம்மா கடேசி வரைக்கும் வரவே இல்லியாமா. மக எந்த மாதிரி எடத்துல இருக்கறான்னு பாக்காமயே போய்ச் சேந்துட்டாங்களாமா" என்றாள். நான் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். அவள் குக்கரை மூடி விசிலைப் போட்டாள்.

அதன்பிறகு அவள் இருந்த நாட்களில் என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மருத்துவமனை கவுண்டருக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து, நான் மாத்திரை கொடுப்பதை, துணியைப் பார்க்கும் அதே கண்ணால் பார்த்தாள். கப்பல் வந்த ஒரு நாள், நான் பெட்டிகளோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது, கமலம் அக்காவோடு பஜாருக்குப் போய் வரிசையில் முதல் ஆளாக நின்று இரண்டு கட்டுக் கொத்தமல்லி வாங்கிவந்தாள். அன்று துவையலோடு சாப்பிட்டபோது நான் கேட்டே விட்டேன், என்ன முடிவு செய்தாய் என்று. "சாப்புடறப்ப பேசாத" என்றாள்.

அவள் கிளம்பும் நாளும் வந்தது. என் பெட்டியைக் கட்டு என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. ஜெட்டியில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற வயதான தம்பதி தமிழ் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மகனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களாம், தேனிப் பக்கம். "நீங்க ரெண்டு பேரும் எந்த ஊருங்கம்மா?" என்று அந்தப் பெரியவர் கேட்டார்.

அம்மா பையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். "நான் கரூருங்க" என்றாள். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "இவ இந்த ஊருங்க" என்றாள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. இத்தனை நாள் சண்டை போட்டதும் பயந்ததும் அந்த ஒரு பதிலுக்காகத்தான். சந்தோஷம்தான். அதே நொடியில், "இல்லீங்க, நானும் கரூர்தான்" என்று குறுக்கே புகுந்து சொல்ல வாய் திறந்ததும் உண்மை. ஆனால் அதற்குள் வரிசை நகர்ந்து, அம்மா ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

கப்பல் போர்ட் பிளேர் திசையில் திரும்பியது. மேல்தளத்தில் இந்தமுறை அம்மாவின் புடவை எனக்கு நன்றாகவே தெரிந்தது. கையை ஆட்டிக்கொண்டே நின்றேன். பக்கத்தில் நின்று வழியனுப்பிக்கொண்டிருந்த ஒரு பெங்காலிப் பெண் நான் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, "மெஹ்மான் தே?" என்று அன்பாகக் கேட்டாள். வந்தவர்கள் விருந்தாளியா என்கிறாள். கப்பலைப் பார்த்தபடியே, ஆமாம் என்று தலையாட்டினேன்.