கவுஞ்சி கிட்டங்கிக்குக் கூரை போட்ட நாள்

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு புரட்டாசிக் கடைசியில் நடந்தது இது. இடம் கொடைக்கானலுக்கு மேலே இருக்கும் கவுஞ்சி. ஆனால் அன்றைக்கு நான் இருந்ததோ பழனியில், எங்கள் வீட்டுக் கட்டிலில், காலில் மாவுக்கட்டோடு. என்னால் மறக்கவே முடியாத அந்த நாளில் நான் அந்த இடத்திலேயே இல்லை என்பதுதான் வேடிக்கை.

நான் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் இன்ஜினியர். கணவருக்கு அடிவாரத்தில் விபூதி, குங்குமம், மாலை விற்கிற கடை. நான் வேலை பார்க்கும் நிறுவனம் சின்னது. மலையில் தடுப்புச் சுவர், தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடத்துக்கு ஒரு வகுப்பறை என்று கிடைக்கிற வேலையை எடுத்துச் செய்வோம். எனக்கு முன்கோபம் கொஞ்சம் அதிகம். என் வண்டிச் சத்தம் கேட்டாலே ஆட்கள் பீடியை அணைத்துவிடுவார்கள் என்று எங்கள் மேஸ்திரி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அவர் கொடைக்கானல் பக்கத்துப் பள்ளங்கிக்காரர், என்னைவிட மூத்தவர். என் கோபத்தைத் தூறல் மாதிரி எடுத்துக்கொள்வார். நனைந்துவிட்டுப் போய்விடுவார்.

கவுஞ்சியில் நாங்கள் கட்டியது ஒரு பூண்டுக் கிட்டங்கி, அதாவது பூண்டைச் சேர்த்து வைக்கிற கிடங்கு. அந்த ஊர் விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஓடி அலைந்து பணம் வாங்கிக் கட்டவைத்த கட்டடம் அது. அதற்கு முன்பு வரை மலைப்பூண்டை எடுத்ததும் களத்தில் காயவைத்து, கட்டுக் கட்டாக வீட்டுக்குள்ளேயே தொங்கவிடுவார்கள். நான் முதல் தடவை அந்த வீடுகளுக்குள் போனபோது குனிந்துதான் நடக்க வேண்டியிருந்தது. தலைக்கு மேலே பூண்டு, அதற்குக் கீழே பாய், பாயில் பிள்ளைகள். ஐப்பசி மழையில் வீடு ஈரம் பிடித்தால் பூண்டு முளைவிட்டுவிடும், இல்லையென்றால் அழுகிவிடும். முந்தின வருடம் அப்படித்தான் பாதிக்கு மேல் போனது என்று குழுத் தலைவியாக இருந்த அக்கா சொன்னார். மழைக்கு முன்னால் கூரை போட்டுக் கொடுத்துவிடுங்கள், மிச்ச வேலையை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பது மட்டும்தான் அவர்கள் எங்களிடம் கேட்டது.

அந்த வேலையில்தான் எங்கள் முதலாளி முதன்முதலாக ஒரு செயலியைக் கொண்டுவந்தார். திண்டுக்கல் ஆபீசில் உட்கார்ந்துகொண்டே எல்லா சைட்டையும் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒவ்வொரு வேலைக்கும் திரையில் ஒரு கட்டம். நடந்துகொண்டிருந்தால் மஞ்சள், முடிந்து படம் எடுத்துப் போட்டால் பச்சை, தேதி தாண்டினால் சிவப்பு. கூடவே எல்லோரும் பேசிக்கொள்ள ஒரு குரூப். வேலையைப் பார்க்கவா, போட்டோ பிடித்துக்கொண்டு நிற்கவா என்று முதலாளியிடம் நான் சண்டையே போட்டேன். மேஸ்திரிக்கு டைப் அடிக்க வராது. குரலில்தான் அனுப்புவார். போனில் பேசுகிற மாதிரி ஒவ்வொரு முறையும் "ஹலோ... ஹலோ..." என்று ஆரம்பித்து, யாராவது பதில் சொல்வார்களா என்று கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். எத்தனை தடவை சொல்லியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

சுவர் எழும்பி, கூரைக்குப் பலகை அடிக்கிற நேரத்தில் நான் விழுந்தேன். சைட்டிலிருந்து இறங்கி வரும்போது, ஈரமான பைன் சருகில் வண்டி வழுக்கிவிட்டது. கீழ்க்கால் எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். காலை ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலியைவிட எனக்கு அழுகை வந்ததெல்லாம் வேறொன்றுக்காக. அஸ்திவாரத்திலிருந்து கடைசிவரை என் பொறுப்பில் மட்டும் ஒரு கட்டடம் வேண்டும் என்று ரொம்ப காலம் காத்திருந்து கிடைத்த வேலை அது. இனி யாரையாவது அனுப்பி முடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். முதலாளி அப்படிச் செய்யவில்லை. போன்தான் இருக்கிறதே, படுத்துக்கொண்டே பாருங்கள் என்றார். நான் திட்டித் தீர்த்த அந்தச் செயலிதான் கடைசியில் எனக்குக் கால் ஆனது.

அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது. காலையில் காபி வருவதற்கு முன்னால் மேஸ்திரியின் குரல் வந்துவிடும். "ஹலோ... ஹலோ... இன்ஜினியரம்மா, இன்னைக்கு என்ன சோலி?" நான் சொல்வேன். படங்கள் வரும். விரலால் பெரிதாக்கிப் பார்த்து, இந்த முட்டு சாய்ந்திருக்கிறது, அந்தக் கம்பி விலகியிருக்கிறது என்று கத்துவேன். தூணைக் காட்டச் சொன்னால் போனைத் தலைகீழாகப் பிடித்து வானத்தைக் காட்டுவார்கள். சிமெண்ட் லாரி வத்தலக்குண்டில் கிளம்பியதும் அது இருக்கும் இடம் என் திரையில் தெரியும். ஒவ்வொரு வளைவாக அது ஏறுவதைப் பார்த்து, ஆட்களைத் தயாராக இருக்கச் சொல்வேன். தலைவி அக்கா மட்டும் வேலையைப் பற்றி ஒன்றும் அனுப்ப மாட்டார். பனிமூட்டம் இறங்குவதை, கேரட் கழுவுவதை, எங்கள் கிட்டங்கி வாசலில் ஒரு ஆடு படுத்திருப்பதைப் படம் எடுத்து அனுப்புவார். நான் அடைந்து கிடப்பேனே என்று அனுப்பினாராம்.

கூரைக்குக் காங்கிரீட் போடும் நாள் வந்தது. ஆரம்பித்தால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய வேலை அது. நடுவில் நிறுத்தினால், நிறுத்திய இடத்தில் பின்னால் தண்ணீர் கசியும். போட்ட ஈரத்தோடு மழை அடித்தால் மேலே இருக்கும் சிமெண்ட் கரைந்து ஓடிவிடும். அன்று சாயந்திரம் மழை இருக்கும் என்று போனில் காட்டியது. தள்ளிப்போடலாம் என்றால், கலவை மிஷினும் அதோடு வரும் ஆட்களும் மறுநாள் வேறு வேலைக்குப் போகிறார்கள். அப்புறம் மழைக்காலம். பொங்கலுக்குப் பிறகுதான் பார்க்க முடியும். அதற்குள் அந்த வருடத்துப் பூண்டும் போய்விடும். முந்தின ராத்திரியே குரூப்பில் பேசினோம். "வெள்ளனே ஆரம்பிச்சா வெரசா முடிச்சுரலாம்ங்க. சட்டி தூக்க நாங்களே வர்றோம்," என்றார் தலைவி அக்கா. ஊரில் பாதி வீடுகளில் பூண்டு எடுத்துக் களத்தில் காய்ந்துகொண்டிருந்த நேரம் அது. அதையும் விட்டுவிட்டு வந்தார்கள்.

விடிந்ததும் வீடியோவில் கூப்பிட்டார்கள். எலுமிச்சம்பழம் வெட்டி, சூடம் காட்டினார்கள். ஒரு பக்கம் மத்தியானத்துக்குக் கறிச்சோறு ஆக்க அடுப்பு மூட்டியிருந்தார்கள். கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொரு மூலையாகக் காட்டச் சொன்னேன். டீசல் மிஷின் ஓட ஆரம்பித்தது. பெண்கள் வரிசையாக நின்று காங்கிரீட் சட்டியைக் கைமாற்றுவது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் படம் அப்படியே உறைந்து நின்றது. பிறகு அதுவும் போய்விட்டது. மலைமேல் எங்கோ காற்றில் மரம் விழுந்து, கரண்டும் டவரும் சேர்ந்து போயிருந்ததாம். அது எனக்கு அப்போது தெரியாது.

போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன். திரையில் அந்தக் கட்டம் மஞ்சளாகவே இருந்தது. எங்கள் வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தால் கொடைக்கானல் மலை தெரியும். மத்தியானத்துக்கு மேல் அதன் தலையில் மேகம் கவிழ ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து, மலையே காணாமல் போய்விட்டது. கடையிலிருந்து சாப்பிட வந்த கணவர், "நீ முறைச்சுக்கிட்டே இருந்தா மழை பயந்துருமா? ரெண்டு வாய் சாப்பிடு," என்றார். அவரிடமும் எரிந்து விழுந்தேன். அவ்வளவு கையாலாகாத்தனத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. கட்டடம் என்னுடையது, ஆனால் அங்கே நடப்பது எதுவும் எனக்குத் தெரியாது.

விளக்கு வைத்த நேரத்தில் தலையணைக்குப் பக்கத்தில் இருந்த போன் துடிக்க ஆரம்பித்தது. ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. நிற்கவே இல்லை. எடுத்துப் பார்த்தால் எல்லாம் குரல்.

சிக்னல் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். அனுப்பினால் போகாது என்றும் தெரியும். ஆனாலும் பகல் முழுக்க, நான் பக்கத்தில் நிற்கிற மாதிரி, ஒவ்வொன்றையும் போனில் என்னிடம் சொல்லிக்கொண்டே வேலை செய்திருக்கிறார்கள். டவர் வந்ததும் எல்லாம் மொத்தமாக வந்து சேர்ந்திருக்கிறது.

முதலிலிருந்து கேட்டேன். "ஹலோ... ஹலோ... இன்ஜினியரம்மா, கெழக்குப் பக்கம் முடிஞ்சது. அடுத்து நடுப் பீம்." பின்னால் மிஷின் சத்தம், யாரோ பாடுவது, சிரிப்பு. இன்னொன்றில் கம்பி வேலைக்காரர் என் குரலை அப்படியே பேசிக் காட்டினார். "கவர் பிளாக் எங்க? நான் என்ன செவுடனுக்கா சொல்றேன்?" பெண்கள் சிரித்தார்கள். நான் அப்படித்தான் கத்துகிறேன் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. கட்டிலில் தனியாகச் சிரித்தேன். கறிச்சோறு வெந்துவிட்டது, ஆனால் முறை போட்டுத்தான் சாப்பிடுகிறோம், மிஷினை நிறுத்தவில்லை என்று ஒன்று. மேற்கு மூலை மட்டும் பாக்கி என்று ஒன்று. அதில் மேஸ்திரியின் குரலில் அவசரம் தெரிந்தது. "ஏலே, வெரசா தள்ளுங்கடா," என்று யாரையோ விரட்டினார்.

அடுத்ததில் மழை. அவர் பேசுவதைவிட மழைதான் அதிகம் கேட்டது. காங்கிரீட் போட்டு முடித்துவிட்டார்கள். ஆனால் மூடுவதற்கு நாங்கள் வாங்கி வைத்திருந்த படுதா பாதிக் கூரைக்குக்கூடப் போதவில்லை. பலமான காற்றில் அதிலும் ஒன்று கிழிந்துவிட்டது. அந்தச் செய்தி பாதியிலேயே நின்றது. நடந்து முடிந்த விஷயம்தான், ஆனால் எனக்கு அது அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது.

அடுத்தது தலைவி அக்கா. மூச்சு வாங்கப் பேசினார். யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு, களத்துக்கு ஓடச் சொன்னார். "பூண்டு மேல கெடக்க படுதாவ எடுத்தாங்கடி. எல்லா வீட்டுலயும் எடுங்க." யாரோ ஒரு பெண், பூண்டு நனையுமே அக்கா என்று கேட்டது காதில் விழுந்தது. "நனைஞ்சா நனையட்டும். அத மறுக்காக் காயப் போட்டுக்கலாம். இது போனா போச்சு." அதற்குப் பிறகு ஓடுகிற காலடிச் சத்தம். போனை நிறுத்த மறந்துவிட்டார் போலிருக்கிறது. நெடுநேரம் வெறும் மழையும், படுதா படபடக்கிற சத்தமும், இங்கே இழு, அங்கே கல் வை என்ற குரல்களும் ஓடின.

மலைப்பூண்டு காய்கிற நேரத்தில் நனைந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தோல் கறுத்துவிடும், உள்ளே பூசணம் பிடிக்கும். ஒரு வருடத்து உழைப்பு அது. மறுபடி காயப்போடலாம் என்று அந்த அக்கா சொன்னது, கேட்ட பெண்ணைச் சமாதானப்படுத்த மட்டும்தான். கட்டிலில் உட்கார்ந்து நான் வாய்விட்டு அழுதேன். கணவர் வந்து என்ன என்று கேட்டார். போனை அவர் கையில் கொடுத்தேன். அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

கடைசிச் செய்தி மேஸ்திரியுடையது. அவர் முதன்முறையாக ஹலோ சொல்லாமல் ஆரம்பித்தார். "இன்ஜினியரம்மா, முழுசா மூடியாச்சு. ஒரு சொட்டு எறங்கல. நீங்க வெசனப்படாம தூங்குங்க." திரையைப் பார்த்தேன். அந்தக் கட்டம் பச்சையாகியிருந்தது.

கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் நான் முதலில் போனது கவுஞ்சிக்குத்தான். கிட்டங்கிக்குள் சட்டத்தில் வரிசையாகப் பூண்டு தொங்கியது. நான் நினைத்திருந்ததைவிடக் குறைவாகத்தான் இருந்தது. கூரையை அண்ணாந்து பார்த்தேன். ஒரு ஈரத் தடம் இல்லை. நனைந்த பூண்டு என்ன ஆயிற்று என்று தலைவி அக்காவிடம் கேட்டேன். "அதா? ஊரே ரசம் வச்சுக் குடிச்சோம். ஒருத்தருக்கும் சளியே பிடிக்கல," என்று சிரித்தார். எந்தெந்த வீட்டில் எவ்வளவு போனது என்று எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. கிளம்பும்போது, இருந்ததிலேயே நல்ல பூண்டுக் கட்டு ஒன்றை என் பையில் வைத்துவிட்டார்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள் என்று வாங்கிக்கொண்டேன்.

இப்போது அங்கே சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது. செயலியும் மாறிவிட்டது. புதியது மழை வருவதைத் தானே முன்கூட்டிச் சொல்லும், வேலையைத் தானே மாற்றி அடுக்கும். நல்ல விஷயம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்கள் இப்போது பேசுவதில்லை. வேலை முடிந்ததும் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது, அவ்வளவுதான். மேஸ்திரி வேலையை விட்டு மகன் வீட்டோடு இருக்கிறார். நான் இரண்டு போன் மாற்றிவிட்டேன். அந்த ஒரு நாளின் குரல்களை மட்டும் ஒவ்வொரு முறையும் கவனமாகப் புதுப் போனுக்கு மாற்றிக்கொள்கிறேன். மனம் சோர்கிற நாளில் எடுத்து, அந்த "ஹலோ... ஹலோ..." விலிருந்து கேட்பேன்.

புதிதாக யாராவது வேலை கொடுக்க வந்தால் எங்கள் முதலாளி இன்னமும் படம் பிடித்து வைத்திருக்கும் கவுஞ்சி வேலையின் பழைய திரையைத்தான் திறந்து காட்டுவார். மழைக்கு முன்னால், சொன்ன தேதியில், பாருங்கள் எல்லாம் பச்சை என்பார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவேன். ஆனால் அந்த ஒரு கட்டத்தைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு ஒரு மலையூரின் களமும், மழையில் திறந்து கிடந்த பூண்டும், அதை விட்டுவிட்டு ஓடிவந்த கால்களும்தான் தெரிகின்றன.