கிணற்றில் தள்ளிய குதிரை

படம் போட்டது வெள்ளறடையில் ஒரு ரப்பர் ஷீட் கிடங்கில். ஜன்னல் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலும் உள்ளே இருட்டு. அடுக்கியிருந்த ஷீட்டின் புளித்த நாற்றம் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. அது ஒரு பழைய ஊமைப்படம். எந்தக் காலத்திலோ நடந்த ஒரு கோட்டை முற்றுகையின் கதை. இடையிடையே இங்கிலீஷில் எழுத்து வரும். அதை உரக்கத் தமிழிலும் மலையாளத்திலும் சொல்ல வாசகசாலைக்காரர்கள் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் அப்போதுதான் டீச்சராகச் சேர்ந்திருந்தேன்.

செலவு முழுக்க எங்கள் நிலத்துக்குப் பழைய சொந்தக்காரரான ஜன்மியின் மகனுடையது. கல்ஃபிலிருந்து லீவில் வந்தவன், முன்னால் நாற்காலி போட்டு சென்ட் மணக்க உட்கார்ந்திருந்தான். என் தம்பிக்கு விசா தருவதாகச் சொல்லியிருந்தான். அந்த மரியாதைக்காக அம்மாவும் வந்து பெஞ்சில் இருந்தாள்.

குடியிருக்கும் பத்து சென்ட் எங்களுக்கே சொந்தம் என்று சட்டம் வந்தபோது, இவன் அப்பா எங்களைக் கிளப்பப் பார்த்தார். குடிசையைச் சுற்றி முள்வேலி போட்டார். நாங்கள் போகவில்லை. ஒரு காலையில் கிணற்றில் செத்த நாய் ஊதி மிதந்தது. அம்மா கயிறு போட்டு இழுத்தாள். தோல் கழன்று அவள் கையோடு வந்தது. வாய்க்கால் தண்ணீரைக் குடித்து எனக்கும் தம்பிக்கும் நாள்கணக்கில் வயிற்றோட்டம். நாயைப் போட்டது யாரென்று அப்போது தெரியவில்லை.

படத்தில் சிப்பாய்கள் செத்த குதிரை ஒன்றை இழுத்துவந்து, கோட்டைக்காரர்கள் தண்ணீர் எடுக்கும் கிணற்றுக்குள் தள்ளினார்கள். “இனிக் குடிக்கத் தண்ணீர் இல்லை” என்று நான் வாசித்தேன்.

அவன் தொடையில் தட்டிச் சிரித்தான். பக்கத்திலிருந்த கூட்டுக்காரனிடம், “எலே, இது நம்ம பழைய வேலையாக்கும்! நாய்க்குப் பதிலா குதிரை, அவ்வளவுதான்!” என்றான். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, “என்ன, ஓர்மை உண்டா?” என்று கேட்டான்.

கிடங்கே சிரித்தது. அவனுடைய ஆட்கள் மட்டும் சிரித்திருந்தால் பரவாயில்லை. எங்களைப் போலவே வேலிக்குள் கிடந்தவர்களும் சிரித்தார்கள். அவர்கள் வீட்டுப் பையன்களும் விசாவுக்குக் காத்திருந்தார்கள்.

அம்மா எழுந்து வெளியே போனாள். திரையில் அடுத்த எழுத்து வந்தது. அதை வாசித்தேன், முதலில் தமிழில், பிறகு மலையாளத்தில். கடைசி எழுத்துவரை ஒன்றையும் விடவில்லை. முடிந்ததும் அவன் என் கையில் ஒரு வெளிநாட்டு சோப்பைத் தந்தான். “டீச்சருக்கு நல்ல சத்தமாக்கும்” என்றான். நான் பல்லைக் காட்டினேன்.

வீட்டில் அம்மா மரச்சீனி உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்:

“முழுக்க வாசிச்சியா, மக்கா?”

“வாசிச்சேன்.”

“தம்பிக்க காரியம்?”

“அடுத்த மாசம் வருமாம்.”

சரியென்று தலையாட்டினாள். உரித்த கிழங்கை என் பக்கம் தள்ளினாள், நறுக்கச் சொல்லி.