கண்ணாடியைக் கழட்டினா சத்தத்தைக் குறை

மைக் செட் தொழில்ல யாரு பேசினாலும், யாரு கேட்டாலும், நமக்கு முதலாளி மைக்கை வாடகைக்கு எடுத்தவருதான். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாசக் கூழு, கட்சிக் கூட்டம்னு திருமழிசையைச் சுத்தி எனக்கு வேலைக்குக் குறைச்சல் இல்லை. நீங்களும் என்னை மாதிரி மாட்டிக்கிட்டவங்கதான். கடைசி வரிசையில உக்காந்து, மேடையில என்ன பேசுறாங்கன்னே புரியாம, பக்கத்துல இருக்கிறவரு தட்டுறாரேன்னு கைதட்டிட்டு வந்திருப்பீங்க. அந்த வயித்தெரிச்சல்ல கொஞ்சம் என்னோடதையும் சேத்துக்கோங்க.

சைகை

எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. கூட்டம் நடக்கும்போது வாடகைக்கு எடுத்தவரு மேடையை விட்டு இறங்கி வந்து நம்ம காதுல ஓத முடியாது. அதனால முன்னாடியே சைகை பேசி வெச்சுக்குவோம். ஒரு கட்சிக்காரரு மூக்கைத் தேய்ச்சா சத்தத்தை ஏத்தணும். ஒரு கோயில் தர்மகர்த்தா துண்டை உதறினா, பேசுறவரு நிறுத்த மாட்டேங்கிறாரு, பாட்டைப் போடுன்னு அர்த்தம்.

பக்கத்துல இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு பெரிய கம்பெனி. அங்கிருந்து ஒரு அதிகாரி வந்தாரு. எல்லாரும் அவரை பி.ஆர்.ஓ. சாருன்னுதான் கூப்பிடுவாங்க. கம்பெனியைப் பெருசாக்கப் போறாங்களாம். நடுவுல ஒரு கிராமத்து வண்டிப்பாதை குறுக்கே போகுது. அந்த ஊரு சனம் ஹைவேஸுக்கு வந்து பஸ் பிடிக்கிறது அந்தப் பாதையிலதான். அதைச் சுவருக்குள்ள எடுத்துக்கிட்டா, மொத்த ஊரும் ஏரிக்கரையைச் சுத்திக்கிட்டு வரணும். மழைக்காலத்துல ஏரிக்கரையும் முழுகிடும். இதுக்கு ஊருக்குச் சம்மதமான்னு கேக்க சர்க்கார் அதிகாரி ஒருத்தரு வர்றாரு. கேக்குறது சர்க்காருதான், ஆனா பந்தல், நாற்காலி, பிரியாணி, மைக்கு எல்லாம் கம்பெனி ஏற்பாடு. சைகை என்ன சார்னு கேட்டேன். அவரு சொன்னாரு:

“நான் கண்ணாடியைக் கழட்டினா, பேசுறவங்க சத்தத்தை லைட்டா குறைச்சிடுங்கண்ணா. டீசன்டா இருக்கும், யாருக்கும் தெரியாது.”

முன்வரிசை

கூட்டத்தன்னைக்குக் காலையில நான் ஸ்பீக்கரைக் கட்டி முடிக்கிறதுக்குள்ள முன்னாடி வரிசையெல்லாம் நிறைஞ்சு போச்சு. பரவாயில்லையே, ஊருல இவ்வளவு அக்கறையான்னு எனக்கு சந்தோஷமாக்கூட இருந்துச்சு. அப்புறம்தான் அந்த ஊரு சனம் பாதை வழியா நடந்து வந்து சேந்தாங்க. உக்கார இடம் இல்லாம பந்தலுக்கு வெளியே வெயில்ல நின்னாங்க.

முன்வரிசையில ஒருத்தரு வயரை மிதிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. காலை எடுக்கச் சொல்லப் போனவன், சும்மா பேச்சு குடுத்தேன். ஐயப்பன்தாங்கல்ல இருந்து வேன்ல கூட்டிட்டு வந்தாங்களாம். பாதையைப் பத்தி என்ன சொல்லப் போறீங்கன்னு கேட்டேன். காலை நகத்திக்கிட்டே அவரு என்னைத் திருப்பிக் கேட்டாரு:

“இன்னா பாதை? தலைவரு எப்போ வருவாருண்ணா?”

வேர்வை

முதல்ல கம்பெனி மேனேஜரு பேசினாரு. வேலைவாய்ப்பு, வளர்ச்சி, ஊருக்கு ஒரு பூங்கா. நல்ல கணீர்க் குரல். ஆனா அன்னைக்கு வெயிலு மண்டையைப் பிளந்துச்சு. துணிப் பந்தலுக்குள்ள அனலு. பி.ஆர்.ஓ. சாருக்கு வேர்த்து ஊத்த ஆரம்பிச்சது. கண்ணாடியைக் கழட்டி கர்சீப்பால தொடைச்சாரு. நான் சத்தத்தைக் குறைச்சேன். மாட்டினாரு, ஏத்தினேன். திரும்பக் கழட்டினாரு, திரும்பக் குறைச்சேன். இவரு மேனேஜர் ஆச்சேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன்தான். ஆனா தொழிலுன்னு வந்துட்டா முதலாளி சைகையை நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியுமா?

பூங்காவுல என்னென்ன வரும்னு அவரு சொன்ன பாகம் பூரா யாருக்குமே கேக்கலை. வேன்ல வந்தவங்க மட்டும் விடாம தட்டினாங்க. மேனேஜரு மூஞ்சி சிவந்துபோய் மேடையை விட்டு இறங்கினவரு, நேரா என்கிட்ட வந்தாரு:

“ஏம்பா, நான் பேசும்போது மட்டும் உன் மைக்குக்குத் தூக்கம் வருதா?”

வேற கை

அதுக்கப்புறம் பி.ஆர்.ஓ. சாரு சைகையை நம்பலை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஆம்ப்ளிஃபயர் பக்கத்துலயே உக்காந்துட்டாரு. அடுத்து செல்வி பேச வந்துச்சு. பூந்தமல்லியில மீன் எடுத்து நூம்பல் பக்கம் தெருத்தெருவா விக்கிற பொம்பளை. கூடையோட தினமும் அந்தப் பாதையிலதான் நடக்குது. “சார், என் மருமவ மாசமா கீறா. மழைக்காலத்துலதான் பிரசவம். ஏரிக்கர முங்கிக்கினா ஆம்புலன்ஸு எந்த வழியா எங்க ஊட்டாண்ட வரும், அத்த மட்டும் சொல்லு”ன்னு ஆரம்பிச்சுது. அவ்வளவுதான், பி.ஆர்.ஓ. சாரு கையை நீட்டி குமிழைத் திருகிட்டாரு. என் ஆம்ப்ளிஃபயரை என் பொண்டாட்டிகூடத் தொட்டது கிடையாது. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. கையை எடுங்க சார்னு சொல்லிட்டேன். அவரு எடுக்கலை.

செல்வி மைக்கைத் தட்டிப் பாத்துச்சு. செத்துப் போச்சுன்னு தெரிஞ்சதும் அதைக் கீழே வெச்சுட்டு, தெருவுல மீன் கூவுற அதே குரல்ல மறுபடியும் முதல்ல இருந்து கேட்டுச்சு. பந்தலுக்கு வெளியே நின்னவங்க வரைக்கும் கேட்டுச்சு. வெயில்ல நின்ன சனம் அத்தனையும் கைதட்டிச்சு. என்ன ஏதுன்னு தெரியாமலே வேன்காரங்களும் சேந்து தட்டினாங்க. கத்தாதீங்கம்மா, மைக்குல பேசுங்கன்னு சர்க்கார் அதிகாரி சொன்னதுக்கு, செல்வி அமைதியாச் சொல்லிச்சு:

“அது அவுங்க மைக்கு சார், அவுங்க சொன்னாத்தான் பேசும்.”

கைதட்டல்

அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கும் என் மைக்குதான். இந்தத் தடவை ஊராட்சி ஏற்பாடு. அன்னைக்குப் பந்தல்ல நடந்ததுன்னு சர்க்கார் அதிகாரி எழுதி அனுப்பினதை ஊராட்சிச் செயலாளரு படிச்சாரு. கம்பெனி திட்டத்தை விளக்கியதாகவும், பொதுமக்கள் பலத்த கைதட்டலோடு வரவேற்றதாகவும் இருந்துச்சு. செல்வி கேட்ட கேள்வி அதுல ஒரு வரிகூட இல்லை. கைதட்டினது நிஜம்தான், என் காதால கேட்டேன். அதனாலதான் மனசு ஆறலை. ஒரேயடியாப் பொய் சொல்லியிருந்தாக்கூடச் சண்டை போடலாம்.

செல்வி தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியலை. ஆம்ப்ளிஃபயரை விட்டு எழுந்து போய், சார், அந்தக் கைதட்டு இந்தம்மாவுக்கு விழுந்தது, நான் அங்கதான் இருந்தேன்னு சொன்னேன். செயலாளரு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு:

“நீ இந்த ஊருக்காரன் இல்லையேப்பா, வெளியூரு ஆளுங்க இதுல கருத்துச் சொல்லக் கூடாது.”

அவங்க கூட்டம்

போன வாரம் பாதைக்கு ரெண்டு பக்கமும் இரும்பு கேட்டுக்குத் தூணு நட்டுட்டாங்க. கேட்டு இன்னும் மாட்டலை. மறுநாளே செல்வி ஊருப் பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு என் கடைக்கு வந்துடுச்சு. தூணுக்கு நடுவுல, பாதையிலயே உக்காந்து அவங்களே ஒரு கூட்டம் போடப் போறாங்களாம். சர்க்கார் அதிகாரிக்கும் சொல்லி அனுப்பியிருக்காங்க, பி.ஆர்.ஓ. சாருக்கும் சொல்லி அனுப்பியிருக்காங்க. அவரு வருவாரான்னு கேட்டேன். வந்து எங்க மூஞ்சியப் பாத்து சொல்லட்டும்னு சொல்லிச்சு. மருமகளுக்கு நாள் நெருங்கிடுச்சாம், அதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்லிச்சு.

எனக்கு ஆத்திரம் தாங்கலை. நீ கவலைப்படாதம்மா, அந்த ஆளு வாயைத் திறக்கட்டும், சத்தத்தை எப்படி அமுக்குறேன் பாருன்னேன். கூட வந்த பொம்பளைங்க சிரிச்சாங்க. செல்வி சிரிக்கலை:

“வேணாண்ணே. அவுரு பேசுறப்போ நல்லா ஏத்தி வெய். ஆம்புலன்ஸு எந்த வழியா வரும்னு அவுரு சொல்றது ஊட்ல படுத்துகினு கீற என் மருமவளுக்கும் கேக்கணும்.”

எத்தனையோ பெரிய மனுஷங்களுக்கு மைக்கு கட்டியிருக்கேன், எதிராளி பேசும்போது சத்தத்தை ஏத்தச் சொன்னது ஒரு மீன்காரம்மாதான், அதுவும் நாற்காலியும் முன்வரிசையும் இல்லாம ஊரே தரையில உக்காரப் போற கூட்டத்துக்கு.