கால் எழாத ஞாயிறு

சனிக்கிழமை மத்தியானம், திரேஸ்புரத்தில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் சின்னக் கிளினிக்குக்கு ஏழு வாரப் பிள்ளையோடு ஒரு பெண் வந்தாள். டாக்டர் ஊரில் இல்லை, திங்கட்கிழமைதான் வருவார். பிள்ளை பால் குடிக்கும்போது நெற்றியெல்லாம் வேர்க்கிறதாம். புழுக்கம்தானே என்று கேட்டாள். மறுநாள் சாயங்காலம் ஞானஸ்நானம், நூறு பேருக்குச் சாப்பாடு. புருஷன் இரண்டு நாளாகக் கடலுக்குப் போகாமல் பந்தல்காரரோடு அலைந்துகொண்டிருந்தான்.

ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தேன். துடிப்புக்கு நடுவில் ஒரு ஊதல், இதயத்தில் கோளாறு இருந்தால் கேட்கிற சத்தம். மறுபடி வைத்துக் கேட்டேன். இருந்தது.

"என்னக்கா, அவ்வளவு நேரம் வச்சிக் கேக்கிய?" என்றாள்.

விருந்து முடியட்டும், திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டு நாளில் என்ன ஆகிவிடும்? இதே கணக்கை நான் முன்பும் ஒரு முறை போட்டிருக்கிறேன்.

மலாவி நாட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் ஊழியம் செய்தேன். எங்கள் குடும்பம் சாத்தான்குளம் பக்கம். வீடு நிறைய வாத்தியார்கள். கோயிலில் கீர்த்தனைக்குக் கைதட்டலாம், அதையும் அடுத்த பெஞ்சுக்குக் கேட்காமல் தட்ட வேண்டும். காலைத் தட்டினால் அம்மா தொடையில் கிள்ளுவாள். அப்படி வளர்ந்தவள், காணிக்கை போடக்கூட ஆடிக்கொண்டே போகிற சபையில் போய் மாட்டிக்கொண்டேன். கிழவிகள் கக்கத்தில் கோழியோடு இடுப்பை வளைத்து ஆடிப் போவார்கள். நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தரை மேடுபள்ளம், கால் பிசகிவிடும் என்று சாக்குச் சொல்லுவேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வார்டு பெருக்குகிற பெண் என்னை விடவில்லை. வேலை ஓய்ந்த நேரத்தில் கட்டில்களுக்கு நடுவே நிறுத்தி, இடது இரண்டு, வலது ஒன்று என்று காலடி சொல்லிக்கொடுத்தாள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. குறைமாதத்தில் பிறந்து பிழைத்த பிள்ளையை முதன்முதலாகக் கோயிலுக்குக் கொண்டுவரும் நாளில், அதைப் பராமரித்த நர்ஸ்தான் பீடம்வரை ஆடிக்கொண்டு தூக்கிப்போக வேண்டும். ஒரு பிள்ளைக்கு என் முறை வந்தது. அதற்கு முந்தின புதன்கிழமை அதன் நெஞ்சில் ஊதலைக் கேட்டேன். புதுத்துணி தைத்தாகிவிட்டது, பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஞாயிறு கழியட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். இரக்கம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். பயம்தான் அது.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாய் பிள்ளையை என் கையில் வைத்தாள். மேளம் ஏறியது. கால் எழவில்லை. கூச்சப்படுகிறாள் என்று நினைத்துச் சபையே சிரித்துக் கைதட்டியது. தாய் மட்டும் சிரிக்கவில்லை. கையை உயர்த்தி மேளத்தை நிறுத்தினாள்.

"நீ வார்டில் ஆடியதை நான் பார்த்தேன். உனக்கு ஆட வரும். என்ன மறைக்கிறாய்?" என்று கேட்டாள்.

அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். மேளம் இல்லாமல், பாட்டு இல்லாமல், பீடம்வரை தனியாக ஆடிப் போனாள். தாடையிலிருந்து கண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து நேராக ஆஸ்பத்திரி வண்டியில் ஏறினாள்.

பிள்ளை பிழைத்தது. நாலு நாள் முந்தி வந்திருந்தால் இந்தப் பாடு பட்டிருக்காது என்று நகரத்து டாக்டர் சொன்னார். அந்தத் தாய் அதன் பிறகு என்னோடு பேசவில்லை. தடுப்பூசிக்குக்கூட நான் இல்லாத நாளாகப் பார்த்து வந்தாள். ஊர் திரும்பும்வரை நான் ஒரு ஞாயிறும் ஆடவில்லை.

ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினேன்.

"பிள்ளைக்கு நெஞ்சில ஒரு சத்தம் கேக்கு. புழுக்கத்துல வேர்க்கல," என்றேன். அவள் முன்னாலேயே டாக்டருக்குப் போன் போட்டேன். உதடு நீலமாக இருக்கிறதா, பால் குடிக்கிறதா என்று கேட்டார். நீலமில்லை, குடிக்கிறது என்றேன். அப்படியானால் நாளைக் காலையிலேயே திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

அவள் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். "இத விருந்து முடிஞ்ச பொறவு சொல்லியிருக்கக் கூடாதாக்கா? ஒரு நாளு சந்தோசமா இருந்திருப்பேன்லா," என்றாள்.

அங்கே என்ன மறைக்கிறாய் என்று ஒருத்தி கேட்டாள். இங்கே ஏன் இப்போதே சொன்னாய் என்று இவள் கேட்கிறாள். டாக்டர் சொன்னதை ஒரு சீட்டில் எழுதி அவள் கையில் கொடுத்தேன்.

சாயங்காலம் நடக்கவிருந்த ஞானஸ்நானத்தைக் காலைப் பூசையோடு கொடுத்துவிடப் பங்குச் சாமியார் சம்மதித்தார். சமையல்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என்னையும் ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட வரச் சொல்லி அவள் புருஷன் வந்து கேட்டான். அவளுக்குக் கோபம் தீர்ந்ததா என்று எனக்குத் தெரியவில்லை, போனேன்.

மறுநாள் காலை கோயிலில் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றியதும் பாட்டுக் குழு பாடத் தொடங்கியது. தாய் பிள்ளையை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கியும் அவள் பிடியை விடவில்லை.

"இன்னும் ஏதும் சொல்லாம வச்சிருக்கியளாக்கா?"

"இல்ல ஏளா. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டும் சொல்லிட்டேன்."

அதன் பிறகுதான் பிடியை விட்டாள். வாசலில் காரை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தார்கள். வேகமாக நடக்கத்தான் நினைத்தேன். பாட்டு ஏறியது. இடது இரண்டு, வலது ஒன்று. என் கால் தானாக எழுந்தது. அவள் மாமியார் வாயைப் பிளந்து பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. பிள்ளையின் தாய் முன்னால் ஓடி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வழியில் நின்றவர்களை இரண்டு கையாலும் விலக்கினாள்.

"தள்ளுங்க, தள்ளுங்க. அக்கா பிள்ளையக் கொண்டு வாராவ."