ஜப்பான் தீவுக்குக் கடிதம் எழுதிய பெனடிக்ட் மாஸ்டர்

போன செவ்வாய்க்கிழமை மாத்தளை பஸ்ஸைக் கலேவெல சந்தியில் நிறுத்திவிட்டு, கண்டக்டர் எங்கள் பள்ளிக்கூடத்துக்குள் நடந்து வந்தார். "ஒங்கட பெனடிக்ட் மாஸ்டர் மௌத்தாம் நானா," என்றார். சாவுச் செய்தியை இப்படியா சொல்வது என்று நான் அவர்மீது எரிந்து விழுந்தேன். மாஸ்டரின் கடிதம் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. நாலு நாளாகப் பதில் போடாமல் வைத்திருந்தேன்.

மாத்தளையில் எங்களோடு படிப்பித்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நான் கணக்கு, அவர் பூமிசாஸ்திரம்; முஸ்லிம் அண்ணன்களைக் கூப்பிடுவதுபோல என்னை நானா என்பார். எனக்குக் கலேவெலவுக்கு மாற்றம் வரும்வரை பன்னிரண்டு வருடம் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சண்டை பிடித்தோம். தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, தாய் தகப்பனை இழந்து, அக்கா கையால் சாப்பிட்டுப் படித்து வந்தவர். என்னைவிடப் பொறுமைசாலி. அதற்கு யாருக்கும் பெரிய முயற்சி தேவையில்லை.

சஞ்சிகையொன்றின் பேனா நண்பர் பகுதியில்தான் அவருக்கு மொரிதா கிடைத்தார். மொரிதா ஜப்பானின் உள்கடலில் ஒரு சின்னத் தீவில் பள்ளி ஆசிரியர். அந்தத் தீவை மாஸ்டர் கரும்பலகையில் வரைந்தால் நமக்கு மூச்சு வாங்கும், அவ்வளவு செங்குத்து. கல் அடுக்கிய படிகளில் ஆரஞ்சுத் தோடை மரங்கள், கீழே மீன்படகுகள், வயல் போடத் தட்டையான நிலம் இல்லை. அதனால் இளசுகள் கப்பலேறி ஹவாய்க்குப் போனார்கள். "அங்க கரும்பு, இங்க கொக்கோவும் ரப்பரும். மத்ததெல்லாம் நம்ம கததான் நானா," என்பார்.

ஒருமுறை அங்கிருந்து பொட்டலம் வந்தது. உள்ளே மெல்லிய கறுப்புத் தாள்கள். கார்பன் தாள் என்று நினைத்து ஒன்றை உருவி, பரீட்சைக் கேள்வி எழுத அடியில் வைத்தேன். ஒன்றும் பதியவில்லை, மேசையெல்லாம் மீன் வாசம். மாஸ்டர் கண்ணீர் வரச் சிரித்தார். அது அவர்கள் சோற்றில் சுற்றிச் சாப்பிடும் கடற்பாசியாம்.

பிறகு சிரிக்க முடியாத வருடம் வந்தது. இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்து ஆட்களின் வம்சத்தை இரண்டு நாடுகளும் பங்கு போட்டுக்கொண்டன. மாஸ்டருக்கு இங்கே பிரஜாவுரிமை கிடைத்தது. அக்கா குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட். "நீயும் வந்துரு தம்பி," என்று அக்கா அழுதார். போவதா இருப்பதா என்று புரியாமல் மாஸ்டர் மொரிதாவிடம் கேட்டார்: ஹவாயிலிருந்து திரும்பியவர்களை உங்கள் ஊர் எப்படி நடத்துகிறது?

பதில் வந்தது. திரும்பி இருபது வருடமான ஒரு குடும்பத்தை ஊர் இன்னும் ஹவாய் வீடு என்றே சொல்கிறதாம். ஓகஸ்ட்டில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றும் நாளில் அவர்கள் இரண்டு விளக்கு வைப்பார்களாம்: ஒன்று தீவில் புதைத்தவர்களுக்கு, மற்றது ஹவாய் மண்ணில் விட்டுவந்தவர்களுக்கு.

நான் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டேன். "பாத்தீங்களா மாஸ்டர், திரும்பிப் போனாலும் அந்நியன்தான். போகவாணாம். நீங்க போனா எனக்கு யாரு இரிக்கிற?"

"ரெண்டாவது வெளக்க நீங்க வாசிக்கவே இல்லயே நானா," என்றார். ஆனாலும் போகவில்லை.

மாத்தளை ஸ்டேஷனில் அக்காவை ஏற்றிவிட நானும் போனேன். "அங்க ஒன்ன சிலோன்காரின்னுவாங்க. கோவிச்சுக்காத அக்கா. இங்க நம்மள இந்தியாக்காரன்னப்ப கோவிச்சமா?" என்றார் மாஸ்டர்.

"நீ படிச்சவன், கோவிக்கல," என்றார் அக்கா. "நான் தெனமும் கோவிச்சேன்."

ரயில் போனபின் அவர் என்னை விட்டுவிட்டுத் தனியே நடந்து போனார். மறுநாள் வழக்கம்போல எனக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றிவைத்தார்.

புதன்கிழமை சேமக்காலையில் பெட்டியைக் குழியில் இறக்கிய பின் சுவாமியார், "சொந்தக்காரங்க மொதல்ல மண் போடுங்க," என்றார். யாரும் அசையவில்லை. மனைவி மக்கள் இல்லாத மனிதர். இருந்த ஒரே உறவு கடலுக்கு அந்தப் பக்கம். தொப்பியைச் சரிசெய்துகொண்டு நான் முன்னே போனேன். நல்ல வேளை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே ஒப்பாரி வைத்திருப்பேன்.

மாஸ்டரின் அறையில் இருந்த மொரிதாவின் கடிதங்களைப் பள்ளி நூல்நிலையத்துக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது மாஸ்டரின் அக்காவைத்தான். நேற்று திருச்சியில் இருக்கும் அவருக்கு எழுதினேன். தம்பியைப் போகவிடாமல் தடுத்தவன் நான்தான் என்பதையும் ஒளிக்கவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் என் பெயரை எழுதவில்லை. உங்கள் தம்பி என்று எழுதினேன்.