இறங்கச் சொன்ன மருமகள்

காலை ஆறரைக்கு ஒதிலியா மழைமானியைப் பார்த்தாள். மூன்று நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர். சரிவில் புதைத்திருந்த கருவி, மண்ணின் ஈரம் நூற்றுக்கு நாற்பத்தெட்டு என்றது. மழை நூற்றெண்பதையும் ஈரம் நாற்பத்தைந்தையும் தாண்டினால் மேட்டில் ஒரு குஞ்சு குளுவான்கூட இருக்கக் கூடாது. நகரத்து மண்சரிவு எச்சரிக்கை அலுவலகம் கற்றுக்கொடுத்த விதி அது. நாலு வருஷமாக அவர்களுக்காக அளந்து, நாள் தவறாமல் போனில் சொல்லிவருகிறாள்.

மேட்டிலோ அன்று ஊரே கூடியிருந்தது. பெரிய மாமனார் இறந்து ஐந்தாம் நாள். உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேரவில்லை. புதைக்கும்வரை துக்கக் குடிசையை விட்டு யாரும் எழுந்து போவதில்லை. சிம்பு மலைக் குலங்களில் அதை மீறியவர் கிடையாது. ஒதிலியாவின் பதினோரு வயது மகள் ஜெர்த்தாவும் முகத்தில் துக்கக் களிமண் பூசிக்கொண்டு அங்கேதான் இருந்தாள்.

ஒதிலியா மாமனார் சியூனே முன்னால் போய் நின்றாள்.

"மாமா, மண்ணு நல்லா ஊறிப்போச்சு. கீழ பள்ளிக்கூடத்துக்கு இறங்கிருவோம். துக்கத்த அங்க வச்சு அழுவோம்."

"போன வருஷமும் இதத்தானே சொன்ன? மூணு நாள் இறங்கினோம். மலை நின்ன இடத்துலயே நின்னுச்சு. எல்லைச் செடிதான் இருபதடி நகந்திருந்துச்சு. கால் முளைச்சது செடிக்கா, உங்க அண்ணனுங்களுக்கா?"

குடிசையே சிரித்தது. துக்க வீட்டிலும் இந்த மனிதர்களுக்குக் குத்தல் பேச்சு குறைவதில்லை. ஒதிலியா பிறந்தது ஓடைக்கு அந்தப் பக்கத்துக் குலத்தில். போன வருஷம் மேடு காலியாக இருந்தபோது அவள் அண்ணன்மார் இரவோடு இரவாகச் செடியைப் பிடுங்கி இந்தப் பக்கம் தள்ளி நட்டு, சர்க்கரைவள்ளிக் கொடியும் பதித்துவிட்டார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை.

"அளவு பொய் சொல்லாது மாமா."

"அளவ யாரு குத்தம் சொன்னா? நாங்க இறங்கினா உங்க ஆளுங்க ஓடையத் தாண்ட மாட்டாங்கன்னு செத்தவர் பேர்ல சத்தியம் பண்ணு. இப்பவே பாயைச் சுருட்டுறேன்."

விடிந்ததும் விடியாததுமாக அண்ணன் போன் செய்திருந்தான். "மேட்டுக்காரங்க இறங்கிட்டாங்களா?" என்று கேட்டான். தங்கைமேல் கொண்ட அக்கறை அல்ல அது என்று அவளுக்குத் தெரியும். பாழாய்ப்போன ஒரு பொய்ச் சத்தியம் போதும், அத்தனை பேரும் இறங்கிவிடுவார்கள். அது அவள் நாக்கில் வரவில்லை.

அலுவலகத்துக்குப் போன் போட்டாள். "ரோடு அடைச்சிருக்கு அக்கா. திறந்ததும் ஆள் அனுப்புறோம். அதுவரைக்கும் நீங்களே எடுத்துச் சொல்லுங்க," என்றார்கள். எடுத்துச் சொல்வதாம்!

கணவன் காவ்பாவிடம் கெஞ்சினாள். "பிள்ளைய மட்டுமாவது கூட்டிட்டுப் போறேன்."

"துக்கத்துல உக்காந்த பொண்ண எழுப்பினா, நாளைக்கு அவள இந்தக் குலத்துல எவன் சேப்பான்? வேணும்னா நீ போ."

"நான் வரலம்மா," என்றாள் ஜெர்த்தா. "நான் தாத்தா ஆளு. நீதான் ஓடைக்கு அந்தப் பக்கம்."

ஒதிலியா போகவில்லை. களிமண்ணை அள்ளி முகத்தில் பூசிக்கொண்டு மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமனார், கணவன், மகள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அழுகை பொங்கியது. மகளை இறுக்கிக்கொண்டு ஓவென்று கதறினாள். வெளியே மழை மறுபடியும் வலுத்தது.

"வேத்துக் குலத்துப் பொண்ணு," என்று எதிரே இருந்த நாத்தனார் மெச்சினாள். "இருந்தாலும் நம்ம பெரியவருக்காக எப்படி உருகி அழுறா பாருங்க."